கைகட்டி நின்ற எஜமானர்

சர்வதேச நிறுவனம் ஒன்றின் தலைவர் ஒரு நாட்டுக்கு விஜயம் செய்தால், அந்தச் செய்தியை எப்படி எழுத வேண்டும் என்பது பெரிய பத்திரிகைகளுக்கு மனப்பாடம். விமான நிலையத்தில் மந்திரிகள் வரவேற்றார்கள். மாளிகையில் விருந்து நடந்தது. பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. இரு தரப்பாருக்கும் இடையே பொருளாதார ஒத்துழைப்பு வலுப்படும். கீழே கைகுலுக்கும் படம் ஒன்று. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி இதைப் படிப்பதில்லை. நாள் முழுவதும் நடவு நட்டுவிட்டு அப்போதுதான் முதுகை நிமிர்த்தும் விவசாயத் தொழிலாளியும் படிப்பதில்லை. கண்ணில் பட்டாலும் "நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. மாளிகையில் கையெழுத்தாகும் காகிதம் சில மாதங்களில் அரிசிக் கடைக்கும், மண்ணெண்ணெய்க் கடைக்கும், மில் வாசலுக்கும் வந்து சேர்கிறது. அப்படி வந்து சேர்ந்த ஒரு விஜயத்தின் கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1998 ஜனவரியில் இந்தோனேஷியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் நடந்த கதை அது.

அன்று வந்த விருந்தாளி, ஐ.எம்.எப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச நிதி நிறுவனத்தின் தலைவர் மிஷேல் கம்தெஸ்ஸு. பிரெஞ்சுக்காரர். அவரை வரவேற்றவர் முப்பதாண்டுகளுக்கு மேல் இந்தோனேஷியாவை இரும்புக் கரத்தால் ஆண்டு வந்த ஜெனரல் சுகர்த்தோ. ஜனவரி 15ந் தேதி சுகர்த்தோவின் சொந்த வீட்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜனாதிபதி மேஜைமேல் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் கம்தெஸ்ஸு, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தப் படம் மறுநாள் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்தது.

நம் கிராமங்களில் கைகட்டி நிற்பவன் பண்ணையாள், உட்கார்ந்திருப்பவர் மிராசுதார். ஜகார்த்தாவில் அது தலைகீழ். கைகட்டி நின்றவர் கடன் கொடுக்க வந்த எஜமானர். உட்கார்ந்து தலைகுனிந்தவர் ஒரு நாட்டின் ஜனாதிபதி. தான் அப்படி நின்றதில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்று கம்தெஸ்ஸு பிற்பாடு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் இந்தோனேஷிய ஜனங்கள் அந்தப் படத்தை மறக்கவில்லை. டச்சுக்காரனிடம் பல தலைமுறைகள் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு அது. அந்தப் படத்தில் பழைய கவர்னரை அவர்கள் பார்த்தார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு சுதந்திர நாட்டின் மானம் பறிபோயிற்று என்பது ஒன்று. கொள்ளையடித்த சர்வாதிகாரிக்கு நல்ல பாடம் கற்பித்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டு அபிப்பிராயக்காரர்களும் படத்தில் இருந்த இரண்டு பேரைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அந்தக் கடனை வாங்காமலே அதைக் கட்டியவர்கள் அந்தப் படத்தில் இல்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

கடன் யாருடையது?

சுகர்த்தோ எப்படி ஆட்சிக்கு வந்தார்? 1965-66ல் இந்தோனேஷியாவில் நடந்த படுகொலையில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் மாண்டார்கள். கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கத்தினர், நிலம் கேட்ட விவசாயிகள் எல்லோரும் வேட்டையாடப்பட்டார்கள். அந்த ரத்தத்தின் மேல்தான் சுகர்த்தோவின் ஆட்சி எழுந்தது. முந்தைய ஜனாதிபதி சுகர்ணோ 1965ல் ஐ.எம்.எப்.பிலிருந்து இந்தோனேஷியாவை விலக்கிக்கொண்டார். சுகர்த்தோ வந்ததும் 1967ல் நாடு மீண்டும் உறுப்பாயிற்று. அன்று முதல் அந்நியக் கடனும் அந்நிய மூலதனமும் தாராளமாக வந்தன. நாட்டின் உற்பத்தி வளர்ந்தது. வறுமை குறைந்ததும் உண்மை. ஆனால் சர்க்கார் அனுமதித்த ஒரே ஒரு தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கு வெளியே சங்கம் அமைத்தால் சிறை. சுகர்த்தோவின் பிள்ளைகளும் சிநேகிதர்களும் நெடுஞ்சாலைச் சுங்கம், கார், சிமெண்டு, கிராம்பு என்று எதைத் தொட்டாலும் ஏகபோகம். அந்தக் காலம் முழுவதும் உலக பாங்கும் ஐ.எம்.எப்.பும் இந்தோனேஷியாவைப் பிற நாடுகளுக்கு முன்மாதிரி என்று பாராட்டிக்கொண்டிருந்தன.

1990க்குப் பின் இந்தோனேஷிய முதலாளிகள் வெளிநாட்டு பாங்குகளில் டாலராகக் கடன் வாங்கிக் குவித்தார்கள். உள்நாட்டில் வட்டி அதிகம், வெளியில் வட்டி குறைவு என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பணத்தில் பெரும்பகுதி நகரத்து மாளிகைகளிலும் நிலத்திலும் முடங்கியது. 1997 ஜூலை 2ந் தேதி தாய்லாந்தின் நாணயம் சரிந்தது. வெளிநாட்டுப் பணக்காரர்கள் பயந்துபோய் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இந்தோனேஷிய நாணயமான ரூபியாவும் சரிந்தது.

சரிவு என்றால் என்ன? நெருக்கடிக்கு முன் ஒரு டாலர் வாங்க சுமார் 2,400 ரூபியா போதும். 1998 ஜனவரியில் 10,000 ரூபியாவுக்கு மேல் வேண்டியிருந்தது. ஒரு டாலர் கடன் வாங்கியவன் மேற்கொண்டு ஒரு காசு வாங்காமலே அவன் கடன் நான்கு மடங்காகிவிட்டது. நூறு ரூபாய் கடன் வாங்கியவனிடம் ஆறு மாதம் கழித்து வட்டி போக நானூறு ரூபாய் அசல் கேட்டால் என்ன ஆகும்? கம்பெனிகள் திவாலாயின. கம்பெனிகளுக்குக் கொடுத்த பாங்குகள் ஆட்டம் கண்டன. இந்தக் கடனில் கணிசமான பங்கு தனியார் முதலாளிகள் வாங்கியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

பதினாறு பாங்குகள்

1997 அக்டோபரில் இந்தோனேஷிய சர்க்கார் ஐ.எம்.எப்.பின் கதவைத் தட்டியது. அக்டோபர் 31ந் தேதி முதல் ஒப்பந்தம். ஐ.எம்.எப். மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் தருவதாகச் சொல்லிற்று. மற்ற நிறுவனங்களும் நாடுகளும் தருவதாகச் சொன்னதைச் சேர்த்தால் 4,000 கோடி டாலரைத் தொடும் என்று விளம்பரம் செய்தார்கள். பணம் மொத்தமாக வராது. நிபந்தனையை நிறைவேற்ற நிறைவேற்றத் தவணை தவணையாக வரும்.

முதல் நிபந்தனைகளில் ஒன்று நலிந்த பாங்குகளை மூடுவது. நவம்பர் 1ந் தேதி ஒரே நாளில் பதினாறு பாங்குகள் மூடப்பட்டன. சிறு சேமிப்புக்காரர்களுக்கு 2 கோடி ரூபியா வரைதான் உத்தரவாதம். மூடாத பாங்குகளில் பணம் போட்டவர்களுக்கு என்ன உத்தரவாதம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று பதினாறு, நாளை எத்தனையோ என்று ஜனங்கள் பயந்தார்கள். நல்ல பாங்கு, கெட்ட பாங்கு என்ற வித்தியாசமில்லாமல் வரிசையில் நின்று பணத்தை எடுத்தார்கள். ஓட்டையை அடைக்க வந்தவர் அணையையே உடைத்துவிட்டார். மூடப்பட்ட பாங்குகளில் ஒன்று ஜனாதிபதியின் மகன் பங்கு வைத்திருந்தது. அவர் சில வாரங்களில் வேறொரு பாங்கின் பெயரில் அதே தொழிலைத் தொடங்கிவிட்டார்.

இது நம்முடைய குற்றச்சாட்டு மட்டுமல்ல. பாங்குகளை மூடியது நம்பிக்கையை வளர்ப்பதற்குப் பதிலாகப் பீதியைக் கிளப்பிவிட்டது என்று ஐ.எம்.எப்.பின் சொந்த உள்சுற்று அறிக்கையே ஒப்புக்கொண்டதை 1998 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்டது. அவர்களுடைய சுயேச்சையான மதிப்பீட்டு அலுவலகம் 2003ல் வெளியிட்ட அறிக்கையும் தவறுகளை எடுத்துக் காட்டிற்று. டாக்டர் தவறான மருந்து கொடுத்ததை ஐந்து வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறார். நோயாளி அதற்குள் படவேண்டியதைப் பட்டு முடித்துவிட்டான்.

ஐம்பது அம்சங்கள்

ஜனவரி முதல் வாரத்தில் சர்க்கார் போட்ட பட்ஜெட் போதுமான அளவு இறுக்கமாக இல்லை என்று நிதிச் சந்தைகள் முடிவு கட்டின. ரூபியா அதலபாதாளத்துக்குப் போயிற்று. அரிசியும் எண்ணெயும் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஜகார்த்தாவில் ஜனங்கள் கடைகளைக் காலி செய்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் சுகர்த்தோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஐ.எம்.எப். சொல்படி நடக்கும்படி கேட்டுக்கொண்டார். இந்தச் சூழ்நிலையில்தான் கம்தெஸ்ஸுவின் விஜயம் நடந்தது. கையெழுத்தான காகிதத்தில் ஐம்பது அம்சங்கள் இருந்தன.

அந்த ஐம்பதையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தக் கூடாது. அதில் நியாயமானவையும் இருந்தன. உதாரணமாக கிராம்பு. இந்தோனேஷியாவில் கிராம்பு கலந்த சிகரெட்டுக்கு ஏராளமான கிராக்கி. விவசாயி தன் கிராம்பை சுகர்த்தோவின் இளைய மகன் நடத்திய வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். அது சொன்ன விலைதான் விலை. அந்த ஏகபோகத்தைக் கலைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லிற்று. அதே மகனின் 'தேசியக் கார்' திட்டத்துக்குக் கொடுத்த சலுகைகள் ரத்தாயின. விமானத் தொழிற்சாலைக்கு பட்ஜெட்டிலிருந்து போன பணம் நின்றது. இவை ரத்தானதற்கு எந்த உழைப்பாளியும் கண்ணீர் விட்டிருக்க மாட்டான்.

ஆனால் அதே காகிதத்தில் மற்றவையும் இருந்தன. பெட்ரோல், மண்ணெண்ணெய், மின்சாரம் இவற்றுக்கு சர்க்கார் தரும் மானியத்தைப் படிப்படியாகக் குறைப்பது. கோதுமை மாவு, சர்க்கரை, சோயா மொச்சை முதலியவற்றை இறக்குமதி செய்து விநியோகிக்கும் சர்க்கார் நிறுவனத்தின் பொறுப்பை அரிசியோடு சுருக்குவது. வட்டியை உயர்த்தி வைத்திருப்பது. அந்நிய முதலாளிகளுக்கு வியாபாரத்தையும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களையும் திறந்துவிடுவது. அந்த வருஷம் மழை பொய்த்த வருஷம்; 1997ன் வறட்சியில் நெல் விளைச்சல் குறைந்திருந்தது. வேலையும் இல்லை, விளைச்சலும் இல்லை என்ற நேரத்தில் மானியத்தைக் குறைக்கும் காகிதம் கையெழுத்தாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகிரங்கமான அந்த ஐம்பது அம்சங்களில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமைக்கு ஓர் இடமில்லை. கிராம்புக்கு இடமுண்டு, காருக்கு இடமுண்டு, பாங்குக்கு இடமுண்டு. 1993 மே மாதத்தில் கிழக்கு ஜாவாவில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் குறைந்தபட்சக் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்ற மார்சினா என்ற இளம் தொழிலாளிப் பெண் கடத்திக் கொலை செய்யப்பட்டார். சுயேச்சையான தொழிற்சங்கம் கண்ட முக்தார் பக்பஹான், கம்தெஸ்ஸு ஜகார்த்தாவில் கையெழுத்து வாங்கிய அன்று காவலில் இருந்தார். பொருளாதாரத்தைச் சீர்திருத்துவது என்றால் முதலாளியின் ஏகபோகத்தைச் சீர்திருத்துவது மட்டும்தானா? கூலி பேசும் உரிமை பொருளாதாரத்தில் சேராதா?

மண்ணெண்ணெய் விலை

மார்ச் மாதம் சுகர்த்தோ தனக்குத் தானே ஏழாவது தடவையாக ஜனாதிபதி பதவியைச் சூட்டிக்கொண்டார். ஏப்ரலில் ஐ.எம்.எப்.புடன் இன்னொரு ஒப்பந்தம். மே 4ந் தேதி விலை உயர்வு அறிவிப்பு வந்தது. பெட்ரோல் லிட்டர் 700 ரூபியாவிலிருந்து 1,200 ரூபியாவாயிற்று. ஏழையின் அடுப்புக்கும் விளக்குக்கும் வேண்டிய மண்ணெண்ணெய் 280லிருந்து 350 ஆயிற்று. பஸ் கட்டணமும் மின்சாரக் கட்டணமும் கூடவே ஏறின. "நாங்கள் படிப்படியாகத்தான் குறைக்கச் சொன்னோம்" என்று ஐ.எம்.எப். தரப்பில் சொல்வார்கள். ஒரே நாளில் ஏற்றியவர் சுகர்த்தோ என்பது வாஸ்தவமே. ஆனால் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்ற முடிவு ஜனவரிக் காகிதத்திலேயே இருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

அன்றே சுமத்ராவின் மேடான் நகரில் கலகம் மூண்டது. மே 12ந் தேதி ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக் கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மூன்று நாள் தலைநகர் எரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தீப்பிடித்த கடைவீதிக் கட்டடங்களுக்குள் சிக்கிக் கருகியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அந்த நாட்களின் வெட்கக்கேடு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசியின் கோபம் சீன வம்சாவளியினரின் கடைகள் மேலும் வீடுகள் மேலும் திருப்பிவிடப்பட்டது. அந்தச் சமூகத்துப் பெண்கள் மீது கொடுமைகள் நடந்தன. விலையை ஏற்றியது மாளிகை. அடி வாங்கியது தெருமுனைக் கடைக்காரன். ஆளுகிறவர்களுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் உழைப்பாளிக்கு ஒரு போலிப் பகைவனைக் காட்டுவது பழைய தந்திரம். ஜகார்த்தாவிலும் அது பலித்தது.

ஆனால் மாணவர்கள் அந்த வலையில் விழவில்லை. மே 18ந் தேதி முதல் ஆயிரக்கணக்கானவர்கள் பார்லிமெண்ட் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். மே 21ந் தேதி காலை சுகர்த்தோ ராஜினாமா செய்தார். கைகட்டி நின்ற படம் வெளியாகி நான்கு மாதமும் ஐந்து நாளும் ஆகியிருந்தன.

சுகர்த்தோ விலகவேண்டிய நிலைமையை உண்டாக்கியது தங்கள் நடவடிக்கைகளே என்று கம்தெஸ்ஸு 1999ல் பேட்டி கொடுத்தார். அது தங்கள் நோக்கமாக இருக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இதில் அவருக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. முப்பதாண்டுகள் அந்த ஆட்சிக்குக் கடனும் நற்சான்றும் கொடுத்துவிட்டு, கடைசி நான்கு மாதத்தில் அதை அசைத்தோம் என்று சொல்வது என்ன நியாயம்? துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள் மாணவர்கள். சுகர்த்தோ வீழ்ந்த அதே மாதத்தில் பக்பஹான் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஜூன் மாதத்தில் சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 87வது உடன்பாட்டை இந்தோனேஷியா ஏற்றது. ஐம்பது அம்சத்தில் இல்லாதது தெருவில் கிடைத்தது.

கணக்கு யார் தலையில்?

1998ல் இந்தோனேஷியாவின் மொத்த உற்பத்தி 13 சதவீதம் சுருங்கியது. பணவீக்கம் 77 சதவீதத்தைத் தாண்டியது. அரிசி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கட்டட வேலையும் ஆலை வேலையும் போனவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். அங்கே இருந்த கொஞ்ச வேலைக்குக் கைகள் அதிகமாயின. உண்மைக் கூலி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் சர்க்கார் கணக்குப்படியே 1996ல் 3 கோடியே 40 லட்சம். 1998ல் 4 கோடியே 95 லட்சம். இரண்டே வருஷத்தில் ஒன்றரைக் கோடிப் பேர்.

முதலாளிகளின் பாங்குகள் என்ன ஆயின? அவற்றைத் தூக்கி நிறுத்த அந்நாட்டு மத்திய பாங்கு 144 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. அதில் பெரும்பகுதி முறைகேடாகப் போயிற்று என்று 2000ல் தணிக்கையாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாங்குகளைக் காப்பாற்ற ஆன மொத்தச் செலவு நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்காக சர்க்கார் பத்திரங்கள் வெளியிட்டது. அவற்றுக்கான வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து, அதாவது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணத்திலிருந்து போயிற்று. லாபம் வந்த காலத்தில் அது தனியார் சொத்து. நஷ்டம் வந்தபோது அது தேசத்தின் பொதுச் சொத்து. மண்ணெண்ணெய்க்கு மானியம் தரக் காசில்லை. பாங்கு முதலாளிக்குத் தரக் காசு இருந்தது.

வேறு வழி இல்லையா?

"வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது தண்ணீர் கொண்டு வருபவனிடம் நிபந்தனை பேச முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதே தீ மற்ற வீடுகளிலும் பிடித்ததே, அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

தென் கொரியாவுக்கும் கம்தெஸ்ஸு போனார். 1997 டிசம்பர் 3ந் தேதி சியோலில் ஒப்பந்தம். அப்போது ஜனாதிபதித் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. யார் ஜெயித்தாலும் இந்த ஒப்பந்தத்தை மதிப்போம் என்று போட்டியிட்ட பிரதான வேட்பாளர்களிடமே எழுதி வாங்கினார்கள். ஜனங்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே கொள்கை முடிவாகிவிட்டது. ஆட்குறைப்பைச் சுலபமாக்கும் சட்டம் 1998 பிப்ரவரியில் வந்தது. கடனை அடைக்க லட்சக்கணக்கான கொரியர்கள் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள்.

மலேஷியா ஐ.எம்.எப்.பிடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1ந் தேதி, நாட்டை விட்டு மூலதனம் ஓடுவதற்குத் தடை போட்டது. ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நாணய மதிப்பை நிலைநிறுத்தியது. வட்டியைக் குறைத்தது. உலகத்து நிபுணர்கள் எல்லாம் நாசம் என்று சாபமிட்டார்கள். நாசம் வரவில்லை, அடுத்த வருஷமே உற்பத்தி ஏறியது. மலேஷியாவில் ஜனநாயகம் தழைத்தது என்றோ, தொழிலாளி சுகமாக இருந்தான் என்றோ நாம் சொல்ல வரவில்லை. அதே மாதம்தான் அங்கே துணைப் பிரதமர் சிறைக்குப் போனார். ஆனால் ஒரே வழிதான் உண்டு என்று ஜகார்த்தாவில் சொன்னது பொய் என்பதற்கு மலேஷியா சாட்சி.

ஆசிய நாடுகளே சேர்ந்து ஒரு நிதியை வைத்துக்கொள்ளலாம் என்று 1997ல் ஜப்பான் யோசனை சொல்லிற்று. அமெரிக்காவும் ஐ.எம்.எப்.பும் அதை எதிர்த்துக் கவிழ்த்தன. ஏன்? ஐ.எம்.எப்.பில் ஓட்டு ஆளுக்கு ஒன்று அல்ல. பணத்துக்குத் தக்க ஓட்டு. அமெரிக்காவின் கையில் சுமார் 16 சதவீதத்துக்கு மேல். முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். எனவே அமெரிக்கா ஒன்று மட்டும் 'மாட்டேன்' என்றால் போதும். இருபத்தேழு, இருபத்தெட்டுக் கோடி ஜனங்கள் வாழும் இந்தோனேஷியாவின் ஓட்டு ஒரு சதவீதம்கூட இல்லை. 1944ல் பிரெட்டன் உட்ஸில் தோன்றிய நாள் முதலாக அதன் தலைவர் பதவி ஐரோப்பியரைத் தாண்டிப் போனதில்லை. இந்தச் சபையில் 'ஒத்துழைப்பு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்தோனேஷியா அந்தக் கடனை 2006 அக்டோபரில், தவணைக்கு நான்கு வருஷம் முன்னதாகவே கட்டி முடித்தது. 2012 ஜூலையில் அப்போதைய ஐ.எம்.எப். தலைவர் கிறிஸ்டின் லகார்ட் ஜகார்த்தாவுக்கு விஜயம் செய்தபோது, இந்தோனேஷியா ஐ.எம்.எப்.புக்கே 100 கோடி டாலர் தருவதாகச் சொல்லிற்று. நிலைமை மாறியது மகிழ்ச்சிதான். ஆனால் 1998ல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைக்கு அந்த வகுப்பு திரும்பி வரவில்லை.

பழைய கதை அல்ல

இது முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்தில் இலங்கை 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எப். சுமார் 300 கோடி டாலர் கடனை அனுமதித்தது. அதற்கு முந்தின மாதமே மின்சாரக் கட்டணம் 66 சதவீதம் ஏறியிருந்தது. 2024 ஜனவரி முதல் விற்பனை மீதான மதிப்புக் கூட்டு வரி 15லிருந்து 18 சதவீதமாயிற்று. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, சர்க்கார் பத்திரங்களை வைத்திருந்த பாங்குகளுக்கு விலக்கு. அதே பத்திரங்களை வைத்திருந்த தொழிலாளரின் சேமலாப நிதிக்கு விலக்கு இல்லை. கொழும்பு ஆலைத் தொழிலாளியும், மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் முதுமைக்கென்று சேர்த்த நிதி அது. நாட்டைக் கடனில் மூழ்கடித்த கையெழுத்தில் அவர்கள் கையெழுத்து ஒன்றும் இல்லை.

ஜகார்த்தாவுக்கும் கொழும்புக்கும் இடையே கால் நூற்றாண்டு தூரம். நாணயம் வேறு, தலைவர் வேறு, காகிதத்தின் மொழியும் கொஞ்சம் மென்மையாகிவிட்டது. ஏழைகளுக்கான பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு பகுதியும் சேர்க்கிறார்கள். ஆனால் பளு எந்தத் தோளில் இறங்குகிறது என்பது பெரிதாக மாறவில்லை.

நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு நாடு தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே செய்துகொள்ள முடியாது. இயந்திரமும் மருந்தும் எண்ணெயும் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கடனும் வேண்டியிருக்கும். தலைவர்கள் வரட்டும், பேசட்டும், விருந்தும் சாப்பிடட்டும். ஆனால் அடுத்த தடவை அப்படியொரு விஜயச் செய்தி வரும்போது நம் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கடன் வாங்கியது யார், கட்டப் போவது யார்? ஒப்பந்தம் முழுவதும் ஜனங்களின் மொழியில் வெளியாகி, பார்லிமெண்டில் விவாதத்துக்கு வந்ததா, அல்லது ஜனாதிபதியின் வீட்டில் கையெழுத்தானதா? அரிசி, மண்ணெண்ணெய், மின்சாரம், கூலி, சேமலாப நிதி இவற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? பணக்காரன் நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வரியாவது உண்டா?

இந்தக் கேள்விகளை மில் வாசல் கூட்டத்திலும் கிராமத்துச் சாவடியிலும் கேட்க வேண்டும். சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் கேட்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைப்பது வருத்தம் தெரிவிக்கும் அறிக்கை மட்டுமே; அதுவும் ஐந்து வருஷம் கழித்து. கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.